முப்பதாவது விநாடியில் விலகும் பீட்

கேள்வி: அண்ணாவுக்கு வணக்கம். வயது 26, ஊர் கோவை. மூன்று வருடமாக டிஜே கன்ட்ரோலரில், இரண்டு பாட்டின் பீட்டையும் தானே சேர்த்துவிடும் சிங்க் பட்டனை அழுத்தியே மிக்ஸ் பண்ணிக்கொண்டிருந்தேன். எட்டு மாதத்துக்கு முன் துபாயிலிருந்து ஊர் திரும்பிய ஒருவரிடம் பழைய டெக்னிக்ஸ் எஸ்எல்-1210 எம்கே2 டர்ன்டேபிள் ஜோடி ஒன்றை, மிக்சரும் எழுபது எண்பது இசைத்தட்டுகளுமாகச் சேர்த்து வாங்கினேன். அன்றோடு நிம்மதி போயிற்று. இரண்டு பாட்டையும் சேர்த்துவிடுகிறேன்; 25, 30 விநாடிக்குப் பிறகு குதிரை ஓடுவதுபோலக் கேட்கிறது. எது வேகம், எது மெதுவு என்று காதுக்குப் பிடிபடவில்லை. வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரைக் குத்துமதிப்பாகத் தள்ளினால் பாதி நேரம் இன்னும் கெடுகிறது. தட்டைக் கையிலிருந்து விடும்போது முதல் பீட் பிந்தியே விழுகிறது. போன மாதம் ஒரு மண்டபத்தில் வாசித்தேன். ஸ்பீக்கர்கள் என்னிடமிருந்து 40 அடி தள்ளி இருந்தன. எனக்கு எல்லாம் சரியாகத்தான் கேட்டது. ஆனால் மிக்சரிலிருந்து எடுத்த பதிவை வீட்டில் போட்டுக் கேட்டால், ஒவ்வொரு மிக்ஸிலும் புதுப் பாட்டு கொஞ்சம் பின்னால், கடைசிவரை அதே அளவு பின்னால் நிற்கிறது. பழைய தமிழ் சினிமா எல்பிக்களோ கைக்குள் அடங்குவதே இல்லை. தட்டின் ஓட்டை மையத்தில் இல்லாததுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்கிறான் நண்பன். விற்றுவிடலாமா?

பதில்: தம்பி, இப்போதைக்கு விற்க வேண்டாம். உங்கள் கடிதத்தில் இரண்டு இடங்களில் கோடு போட்டு வைத்தேன். ஒன்று "25, 30 விநாடிக்குப் பிறகு". இன்னொன்று "கடைசிவரை அதே அளவு பின்னால்". உங்களுக்கே தெரியாமல் நோயைச் சரியாகச் சொல்லிவிட்டீர்கள். முதலாவது வேகக் கோளாறு, இரண்டாவது இடக் கோளாறு. காதில் இரண்டும் ஒரே மாதிரி 'டக-டக்' என்றுதான் விழும். மருந்துதான் வேறு வேறு. எட்டு மாதமாக நீங்கள் இரண்டுக்கும் ஒரே மருந்தைக் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்பது என் சந்தேகம்.

சென்னைக்கு வந்தால் தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி ஜன்னலோரம் உட்காருங்கள். பக்கத்துத் தண்டவாளத்தில் ஒரு எக்ஸ்பிரஸ் வரும். இரண்டும் ஒரே வேகத்தில் ஓடும்போது எதிர் ஜன்னல்காரர் முகம் அசையாமல் உங்களுக்கு நேரே நிற்கும். அவர் இரண்டு பெட்டி முன்னால் இருந்தாலும் அங்கேயேதான் நிற்பார்; இடம்தான் வித்தியாசம், வேகம் ஒன்று. அந்த முகம் மெல்ல நழுவத் தொடங்கினால் வேகம் வேறாகிவிட்டது என்று அர்த்தம். கச்சேரி கேட்கிறவர்களுக்கு இது புதிதில்லை. எடுப்பு (பாட்டு தொடங்கும் இடம்) தவறுவது ஒன்று, காலப்பிரமாணம் (தாளத்தின் வேகம்) ஓடிப்போவது இன்னொன்று.

டர்ன்டேபிளில் இந்த இரண்டுக்கும் தனித்தனிக் கருவி இருக்கிறது. பிட்ச் ஃபேடர் வேகத்துக்கு. உங்கள் விரல் இடத்துக்கு. தட்டை விரலால் ஒரு தட்டுத் தட்டினால் அது ஒரு கணம் வேகமாக ஓடி, உடனே மோட்டார் அதைப் பழைய வேகத்துக்கே இழுத்துக்கொள்ளும். மோட்டாரே நேராகச் சுழற்றும் டைரக்ட் டிரைவின் பெருமையே அதுதான். விரல் இடத்தை மாற்றுகிறது, வேகத்தைத் தொடுவதில்லை.

ஃபேடரை எப்படித் தள்ளுகிறீர்கள் என்பதைக் கடிதத்தில் விவரமாக எழுதவில்லை. ஆனாலும் சிங்கிலிருந்து வருகிற பிள்ளைகள் பத்தில் எட்டுப் பேர் செய்வதை இருபது வருடமாகப் பார்க்கிறேன். புதுத் தட்டு பின்தங்கியதும் ஃபேடரைக் கீழே இழுத்து வேகமாக்கி, பீட் வந்து சேர்ந்ததும் 'பழைய இடத்துக்கே' கொண்டுபோகிறார்கள். அந்தப் பழைய இடம் எது? கை தடவிக் கண்டுபிடித்த ஒரு மயிரிழை. திரும்பிப் போகும்போது அது கிடைக்காது. சிரமப்பட்டுப் பிடித்த வேகத்தை, இடத்தைச் சரிசெய்வதற்காகத் தொலைக்கிறீர்கள். ஃபேடரிலேயே முழு மிக்ஸையும் ஓட்டுகிற கில்லாடிகள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. அவர்கள் அதைத் தெரிந்து செய்கிறார்கள்.

இப்போது கொஞ்சம் கணக்கு. 120 பிபிஎம் (நிமிடத்துக்கு 120 பீட்) பாட்டில் ஒரு பீட் அரை விநாடி, அதாவது 500 மில்லிவிநாடி. இரண்டு பாட்டின் கிக்குக்கு (பேஸ் டிரம்மின் 'டம்') நடுவே 20, 30 மில்லிவிநாடி இடைவெளி வந்ததும் காது அதை இரண்டாகக் கேட்கத் தொடங்கும். குதிரை அப்போதுதான் கிளம்புகிறது. உங்கள் பாட்டு 30 விநாடியில் 30 மில்லிவிநாடி விலகுகிறது என்றால் வேக வித்தியாசம் ஆயிரத்தில் ஒரு பங்கு, 0.1 சதவீதம். ஃபேடர் 10 சென்டிமீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் மேலே 8, கீழே 8 என்று 16 சதவீதம் அடங்கியிருக்கிறது. ஆக ஒரு மில்லிமீட்டருக்கு 0.16 சதவீதம். நீங்கள் தவறுவது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு! எட்டு மாதத்தில் இது மோசமில்லை. சிங்க் பட்டன் இதை நமக்குச் சொல்லிக்கொடுக்காததால்தான் நாம் தோற்றதாக நினைத்துக்கொள்கிறோம்.

அந்தக் கடைசி மில்லிமீட்டரை எப்படிப் பிடிப்பது? பீட் விலக ஆரம்பித்ததும் முதலில் விரலால் சேர்த்துவிடுங்கள், ஃபேடரைத் தொடாதீர்கள். மறுபடி விலகினால், அதே பக்கமாக விலகினால், மறுபடி விரல். ஒரே திசையில் இரண்டாவது முறையும் தள்ள வேண்டிவந்தால் வேகம் தப்பு என்பது உறுதி. ஃபேடரை அந்தப் பக்கம் ஒரு நகக்கண் நகர்த்துங்கள், உடனே விரலால் இடத்தையும் சேருங்கள். இப்போது 30 விநாடிக்குப் பதில் ஒரு நிமிடம் நிற்கும். அடுத்த திருத்தத்தில் இரண்டு நிமிடம். ஒரு மிக்ஸுக்கு அதற்கு மேல் யாருக்கு வேண்டும்? ஃபேடரை நகர்த்தும்போது குமிழைப் பிடித்துத் தள்ளாமல், சுண்டுவிரலை டெக்கின் (டர்ன்டேபிளின்) மேல் ஊன்றிக்கொண்டு கட்டைவிரலால் உருட்டுவதுபோலத் தொடுங்கள். கை அந்தரத்தில் நின்றால் மில்லிமீட்டர் வேலை நடக்காது.

எது வேகம் என்று தெரியவில்லை என்ற புகார். எனக்கும் முதல் ஒரு வருடம் தெரியவில்லை. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, ஏனென்றால் இரண்டு கிக்கும் ஒரே மாதிரி ஒலிக்கும்போது எது முன்னால் வந்தது என்று மூளை குழம்பும். அதனால் காதை நம்புவதற்கு முன் கையைக் கேளுங்கள். இரண்டையும் சேர்த்து ஓடவிட்டு, குதிரை கிளம்பியதும் புதுத் தட்டைச் சுமந்து சுற்றும் வட்டான பிளாட்டரின் ஓரத்தில், புள்ளிகள் இருக்கும் அந்த விளிம்பில், விரல் நுனியால் லேசாக உரசுங்கள். சத்தம் தெளிந்தால் அது முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் கலைந்தால் பின்னால் இருந்திருக்கிறது. கை எந்தப் பக்கம் உதவியதோ ஃபேடரும் அந்தப் பக்கம் போக வேண்டும். அவ்வளவுதான்.

இன்னொரு வழி, நான் இன்றும் அவசரத்தில் செய்வது. புதுத் தட்டை வேண்டுமென்றே 2 சதவீதம்போல வேகமாக வைத்துவிடுவேன். நாலு பீட்டுக்குள் அது 40 மில்லிவிநாடி முன்னால் போய்விடும், கேட்காமல் இருக்கவே முடியாது. எது வேகம் என்ற கேள்விக்கே இடமில்லை. அங்கிருந்து இறக்கிக்கொண்டே வருவேன். எப்போதும் ஒரே பக்கத்திலிருந்து வாருங்கள். இரண்டு பக்கமும் மாறி மாறித் தேடுகிறவன்தான் வழியைத் தொலைக்கிறான்.

ஹெட்ஃபோனில் எதைக் கேட்கிறீர்கள் என்பதும் முக்கியம். கிக்கை விடுங்கள். பேஸ் சத்தம் மெத்தென்று தொடங்கி மெத்தென்று முடியும். அதில் விளிம்பு கிடையாது. ஹை-ஹேட் (டிரம்ஸின் ஜால்ரா), கைத்தட்டல், ஸ்நேர் (டிரம்ஸின் 'டப்' சத்தம்) இவற்றைப் பிடியுங்கள். மிக்சரில் இரண்டின் பேஸையும் குறைத்துவிட்டுப் பழகிப் பாருங்கள், திடீரென்று கண்ணாடி போட்டதுபோல இருக்கும். சத்த அளவையும் பாருங்கள். ஒன்று மிகப் பெரிதாக ஒலித்தால் அது மற்றதை விழுங்கிவிடும். க்யூவில், அதாவது ஹெட்ஃபோனில் மட்டும் கேட்கும்படி இருக்கும் பாட்டு ஒரு பொட்டு மட்டும் தூக்கலாக இருக்கட்டும்.

எம்கே2 விஷயத்தில் ஒன்று சொல்லவேண்டும். ஃபேடர் பூஜ்யத்துக்கு வரும்போது 'க்ளிக்' என்று உட்கார்ந்து பச்சை விளக்கு எரியும். அந்த க்ளிக்கை ஒட்டிய சிறு இடத்தில் நுணுக்கமாக எதுவும் நடக்காது. நகர்த்தினால் ஒன்றும் மாறாததுபோல இருக்கும், அப்புறம் சட்டென்று தாண்டும். உங்கள் பொருத்தம் சரியாக அங்கே வந்து விழுந்தால் போராடாதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் பாட்டை மிக்ஸுக்கு முன்பே மெல்ல ஒன்றரை சதவீதம் ஏற்றிவிடுங்கள். புதுப் பாட்டும் அதோடு க்ளிக்கிலிருந்து தள்ளி வந்துவிடும். கூடத்தில் ஒருவரும் கவனிக்க மாட்டார்கள்.

அடுத்து, பிந்தி விழும் முதல் பீட். கையை விடுகிற அதே நேரத்தில்தான் பட்டனை அழுத்தித் தட்டை ஓடவைக்கிறீர்களா? அப்படியானால் நிச்சயம் பிந்தும். நின்ற நிலையிலிருந்து முழு வேகத்துக்கு வர இந்த டெக்குக்கு 0.7 விநாடி ஆகும். 120 பிபிஎம்மில் அது ஒரு பீட்டுக்கும் மேல். பிளாட்டர் எப்போதும் கீழே ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். தட்டை மட்டும் விரலால் பிடித்து நிறுத்தி, முதல் கிக்கை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டிருந்து, ஓடும் பாட்டின் 'ஒன்று' வரும்போது விட வேண்டும். வெறுமனே கையை எடுத்தால் போதாது. விடும்போது ஓட்டத்தோடு சேர்த்து ஒரு சின்னத் தள்ளல். அதன் அளவை எழுத்தில் சொல்ல முடியாது. ஒரு மாலை முழுக்க ஒரே கிக்கை நூறு தடவை விட்டுப் பார்த்தால் கைக்கு வந்துவிடும்.

இப்படியும் பிந்தினால் ஸ்லிப்மேட்டை, அதாவது தட்டுக்கும் பிளாட்டருக்கும் நடுவே கிடக்கும் வழுக்கு விரிப்பைப் பாருங்கள். துபாயிலிருந்து வந்த பழைய ஃபெல்ட் என்றால் தூசியும் வியர்வையும் ஏறித் தடித்திருக்கும். அல்லது பாட்டு கேட்பதற்கான ரப்பர் மேட்டே கிடக்கிறதோ என்னவோ. தட்டைப் பிடித்தால் பிளாட்டரும் சேர்ந்து இழுபடுகிறதா என்று கவனியுங்கள். இழுபட்டால் நீங்கள் கையை விடும்போது அது மெதுவாகத்தான் கிளம்பும். மருந்து மளிகைக் கடையிலேயே இருக்கிறது: கேக் சுடப் பயன்படுத்தும் பட்டர் பேப்பரைத் தட்டு அளவுக்கு வட்டமாக வெட்டி, நடுவில் ஓட்டை போட்டு, ஸ்லிப்மேட்டுக்கு அடியில் வையுங்கள். வழுக்கிக்கொண்டு போகும். நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் ஹிப்-ஹாப் டிஜே கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ் 1970களில் ஃபெல்ட் துணியை வெட்டி, கஞ்சி தெளித்து, இஸ்திரி போட்டு விறைப்பாக்கித்தான் தன் மேட்டைச் செய்துகொண்டார். நம் ஊரில் கஞ்சிக்கும் இஸ்திரிக்கும் பஞ்சமா என்ன?

மண்டபத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், ஏனென்றால் அங்கே உங்கள் கைமேல் தவறே இல்லை. பதிவில் புதுப் பாட்டு கடைசிவரை அதே அளவு பின்னால் நின்றது என்றால், வேகத்தை நீங்கள் அசத்தலாகப் பிடித்திருக்கிறீர்கள். எதிர் ஜன்னல்காரர் நகரவே இல்லை. இடம்தான் தவறு. அதற்குக் காரணம் காற்று.

நம் ஊர் வெப்பத்தில் ஒலி விநாடிக்குச் சுமார் 350 மீட்டர் போகும். 40 அடி என்பது 12 மீட்டர். அங்கிருந்து உங்கள் காதுக்கு வரச் சுமார் 35 மில்லிவிநாடி. ஹெட்ஃபோன் சத்தமோ காதோடு ஒட்டியிருக்கிறது, உடனே கேட்கும். நீங்கள் ஹெட்ஃபோனில் இருந்த புதுப் பாட்டை, 35 மில்லிவிநாடி பழசாகி வந்த சத்தத்தோடு மிகச் சரியாகச் சேர்த்திருக்கிறீர்கள். மிக்சருக்குள் அது 35 மில்லிவிநாடி பிந்தியது. ஆடுகிறவர்களுக்கோ இரண்டு பாட்டும் ஒரே ஸ்பீக்கரிலிருந்து வருகிறது. அவர்கள் கேட்டது உங்கள் பதிவு கேட்பதையேதான்.

இதே குழியில் நானும் விழுந்திருக்கிறேன். ஒரு புத்தாண்டு இரவு, ஒரு ஹோட்டல் புல்வெளி. மேடையின் ஒரு மூலையில் என்னை உட்காரவைத்து, ஸ்பீக்கர்களை நீச்சல் குளத்துக்கு அந்தப் பக்கம் வைத்துவிட்டார்கள். இரவு முழுக்க நான் தேவலோகத்தில் வாசித்துக்கொண்டிருப்பதாக நினைத்தேன். குளத்தருகே நின்ற நண்பன் வந்து, "ஏன் எல்லாப் பாட்டும் நொண்டுது?" என்றான். அவன் காதில் கோளாறு என்று சண்டை போட்டேன். மறுநாள் கேசட்டைக் கேட்டுவிட்டு அவனுக்கு பிரியாணி வாங்கிக்கொடுக்க வேண்டியதாயிற்று.

அதிலிருந்து எந்த இடத்துக்குப் போனாலும் முதலில் கேட்பது என் காதருகே ஒரு மானிட்டர், எனக்கு மட்டும் கேட்க ஒரு ஸ்பீக்கர். சின்னதாக இருந்தாலும் போதும், மூன்று நான்கு அடியில் இருக்க வேண்டும். "இல்லை சார்" என்றால் இரண்டு பாட்டையும் ஹெட்ஃபோனுக்குள்ளேயே கொண்டுவந்துவிடுங்கள். உங்கள் மிக்சரில் க்யூவும் மாஸ்டரும் (கூடத்துக்குப் போகும் சத்தம்) கலக்கும் குமிழ் ஒன்று இருக்கும், அதை நடுவில் வைத்து, இரண்டு காதையும் மூடிக்கொண்டு சேருங்கள். சேர்ந்த பிறகு காதைத் திறந்தால் வெளிச்சத்தம் பிந்தித்தான் கேட்கும். அதை நம்பிக் கையை வைக்காதீர்கள். இது முதல் சில தடவை மிகக் கஷ்டம். ப்ளூடூத் ஹெட்ஃபோன், ப்ளூடூத் ஸ்பீக்கர் இரண்டையும் இந்த வேலையில் கிட்டே சேர்க்கவே கூடாது. மண்டபத்துத் தூரத்தைவிடப் பெரிய தாமதம் அதில் இருக்கிறது.

நண்பர் சொன்ன ஓட்டைக் கதை. பழைய தட்டுகளில் ஓட்டை மையம் தவறியிருப்பது உண்மைதான். தட்டு சுற்றும்போது ஊசியைத் தாங்கும் டோன்ஆர்மின் தலை ஒவ்வொரு சுற்றுக்கும் இடமும் வலமும் ஆடுகிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும். ஆனால் குற்றவாளி அதுவல்ல. ஓட்டை அரை மில்லிமீட்டர் தள்ளியிருக்கிறது, ஊசி மையத்திலிருந்து 10 சென்டிமீட்டரில் இருக்கிறது என்றால், வேகம் அரை சதவீதம் ஏறி அரை சதவீதம் இறங்கும். கேட்கப் பெரிதாகத் தெரியும். ஆனால் ஒரு சுற்று 1.8 விநாடிதான், அதற்குள் ஏறியதெல்லாம் இறங்கிவிடுகிறது. கணக்குப் போட்டால் பீட் விலகுவது ஒன்றரை மில்லிவிநாடிக்கும் குறைவு. நாதஸ்வரம், வயலின்போன்ற நீண்ட சுரங்கள் ஊஞ்சலாடுவது கேட்கும், பீட் கெடாது. கண்ணுக்கே நன்றாகத் தெரிகிற அளவு ஓட்டை தள்ளியிருந்தால் கதை வேறு. எப்படியிருந்தாலும் அது ஆடிக்கொண்டே இருக்கும், உங்களுடையதைப்போல ஒரே பக்கமாக விலகிக்கொண்டே போகாது.

சினிமா எல்பிக்கள். அந்தக் காலப் பதிவுகளில் பெரும்பாலும் வாத்தியக்காரர்கள் ஒன்றாக உட்கார்ந்து, இசை நடத்துபவரின் கையைப் பார்த்து வாசித்தார்கள். காதில் வேகத்தை எண்ணிக்கொடுக்கும் க்ளிக் சத்தம் கிடையாது. சரணத்துக்கு முன் இடையிசையில் எல்லாரும் சேர்ந்து கொஞ்சம் ஓடுவார்கள், பல்லவி திரும்பியதும் உட்காருவார்கள். அழகே அங்கேதான் இருக்கிறது. அப்படிப்பட்ட பாட்டுக்கு 'சரியான ஃபேடர் இடம்' என்று ஒன்று இல்லவே இல்லை, அதனால் அதைத் தேடி மெனக்கெடாதீர்கள். விரல் பிளாட்டரிலேயே இருக்கட்டும், மாட்டுவண்டி ஓட்டுகிறவர் கயிற்றை விடாமல் பிடித்திருப்பதைப்போல. எட்டு பார் (ஒரு பார் நாலு பீட்), மிஞ்சினால் பதினாறு பார், வெளியே வந்துவிடுங்கள். 1970 வாக்கில் நியூயார்க்கில், தேவாலயமாக இருந்து கிளப்பாக மாறிய சாங்சுவரியில் டிஜே பிரான்சிஸ் கிராசோ இரண்டு தட்டுகளைப் பீட் சேர்த்துக் கலந்தபோது அவர் கையில் இருந்தவையும் மனிதர்கள் டிரம் வாசித்த தட்டுகள்தான். டிரம் இயந்திரங்கள் வந்து பாட்டுகளின் வேகத்தை இறுக்கியது அதற்கு எத்தனையோ வருடம் கழித்து.

எண் பொருந்தியும் சண்டை போடும் பாட்டுகளும் இருக்கும், கவனித்திருப்பீர்கள். நம் குத்துப் பாட்டுகளில் பல திஸ்ர நடை. ஒரு பீட்டுக்குள் 'தகிட' என்று மூன்று விழும். உங்கள் ஹவுஸ் (மேற்கத்திய நடன இசை) தட்டில் அதே பீட்டுக்குள் 'தகதிமி' நான்கு. கிக்கும் கிக்கும் கச்சிதமாகச் சேர்ந்திருக்கும், நடுவில் ஹை-ஹேட்டும் தவிலும் ஒன்றையொன்று மிதிக்கும். இதை எந்த ஃபேடராலும் தீர்க்க முடியாது. ஹவுஸ் பாட்டில் வெறும் கிக் மட்டும் ஓடும் இடமாகப் பார்த்துக் குத்துப் பாட்டை உள்ளே விடுங்கள், அல்லது நேராக வெட்டிவிடுங்கள். சுத்தமான வெட்டு எப்போதும் இழுபடும் கலவையைவிட மேல் என்பது என் கட்சி. அப்புறம், பாடகர் குரல் இருக்கும் பாட்டை 3 சதவீதத்துக்கு மேல் நகர்த்த நான் தயங்குவேன். 6 சதவீதம் ஏற்றினால் ஏறத்தாழ ஒரு சுரஸ்தானமே ஏறிவிடும். நமக்குப் பிடித்த குரலை நம் ஜனங்கள் தூக்கத்தில்கூட அடையாளம் கண்டுகொள்வார்கள், அது மூக்கால் பாடினால் முகம் சுளிப்பார்கள்.

பழகுவதற்கு: ஒரே தட்டின் இரண்டு பிரதிகளைத் தேடிப் பிடியுங்கள். எதுவாக இருந்தாலும் சரி, இயந்திர டிரம் இருக்கிற 12 அங்குலத் தட்டாக இருந்தால் நல்லது. ஒரு டெக்கின் ஃபேடரை உங்கள் தங்கையையோ நண்பரையோ விட்டு எங்காவது நகர்த்தச் சொல்லி, மேலே கைக்குட்டை போட்டு மூடுங்கள். மற்ற டெக்கால் அதைப் பிடியுங்கள். பிடித்துவிட்டதாகத் தோன்றியதும் கைக்குட்டையை எடுத்து இரண்டு ஃபேடரையும் பக்கத்தில் பக்கத்தில் பாருங்கள். விடை முன்னாலேயே இருப்பதால் ஏமாற்ற முடியாது. தினம் இருபது நிமிடம் போதும். இரண்டு மணி நேரம் ஒரேயடியாக உட்கார்ந்தால் காது களைத்துப்போய், தப்பு எல்லாம் சரியாகக் கேட்க ஆரம்பிக்கும்.

இதையெல்லாம் தொடங்குவதற்கு முன் ஒரு வேலை. பழைய டெக் என்பதால் அது சொல்கிற வேகம் உண்மையா என்று ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். தட்டின் லேபிளில் சின்னக் காகிதத் துண்டு ஒன்றை ஒட்டி, 33-இல் (நிமிடத்துக்கு 33⅓ சுற்று), ஃபேடரைப் பூஜ்யத்தில் வைத்து, ஊசியைத் தட்டில் இறக்கி, போனில் ஸ்டாப்வாட்ச்சைத் தட்டிவிட்டுச் சுற்றுகளை எண்ணுங்கள். மூன்று நிமிடத்தில் சரியாக 100 சுற்று வர வேண்டும். 101 வந்தால் ஒரு சதவீதம் வேகம். அப்புறம் ஃபேடரைக் கூட்டல் 3.3-இல் வைத்து, பிளாட்டர் விளிம்பில் அதற்கான புள்ளி வரிசை சிவப்பு வெளிச்சத்தில் அசையாமல் நிற்கிறதா என்று பாருங்கள். நழுவினால் ஃபேடர் அளவு தவறியிருக்கிறது. ஃபேடரை மேலும் கீழும் மெதுவாக இழுக்கும்போது புள்ளிகள் சீராக ஓடாமல் திக்கித் திக்கித் துள்ளினால் உள்ளே தூசி. டெக் சர்வீஸ் தெரிந்தவரிடம் கொடுத்துச் சுத்தம் செய்துகொள்ளுங்கள், நீங்களாகத் திறக்க வேண்டாம்.

இரண்டு டெக்கிலும் எத்தனை சுற்று வந்தது, புள்ளிகள் எப்படி நின்றன என்று எழுதி அனுப்புங்கள். அந்த மண்டபப் பதிவில் ஒரு மிக்ஸையும் சேர்த்து அனுப்புங்கள், கேட்க ஆசையாக இருக்கிறது.